முப்பத்தெட்டு வயதில் ஊர் திரும்புகிறவர்: அரசுப் பணித் தேர்வின் நேர்மையும் முன்னாள் படைவீரரின் பங்கும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கும் வல்லம் வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் மழையையும் நம்பிப் பயிர் செய்யும் பூமி. நெல்லும் கரும்பும் உண்டு. மானாவாரியில் மல்லாட்டை போடுவார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவருக்கும் பிழைப்பு ஓடாது. அதனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையனிடம் வீட்டில் சொல்லும் வழி பெரும்பாலும் இரண்டுதான்: குரூப் ஃபோர் எழுது, இல்லாவிட்டால் மிலிட்டரிக்குப் போ. முதல் வழியில் போனவர் ஆண்டுக்கணக்கில் தேர்வு எழுதுகிறார். இரண்டாவது வழியில் போனவர் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அதே குரூப் ஃபோர் விண்ணப்பத்தைத் தானும் நிரப்புகிறார். இருவருக்கும் வினாத்தாள் ஒன்று. சட்டம் தரும் பங்கு வேறு.

இந்த வேறுபாடு நியாயமா என்ற கேள்வி விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் எழுகிறது. 'எங்கள் இடத்தைப் பென்ஷன் வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார்' என்பது ஒரு தரப்பு. 'எங்களுக்கென்று எழுதி வைத்த இடமே நிரம்புவதில்லை' என்பது மறு தரப்பு. முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீடும் நேர்மையான போட்டித் தேர்வும் ஒன்றையொன்று தின்பவை என்ற எண்ணம் இரு தரப்புப் பேச்சிலும் இருக்கிறது. அது தவறு. இரண்டும் பழுதுபடும் இடம் ஒன்றே. ஆணையில் விகிதம் எழுதப்படுகிறது. நியமனக் கணக்கு மக்கள் பார்வைக்கு வருவதில்லை. அந்தக் கணக்கு வெளியே வந்தால் இளைஞருக்கும் படைவீரருக்கும் ஒருங்கே நியாயம் கிடைக்கும்.

உயிர் கொடுத்துக் கேட்ட பங்கு

அரசு வேலையில் பங்கு என்பது விழுப்புரத்துக்குப் புத்தகச் சொல் அல்ல. 1987 செப்டம்பர் 17 அன்று தொடங்கி ஒரு வாரம், வட மாவட்டங்களில் வன்னியர் சங்கம் சாலை மறியல் நடத்தியது. கல்வியிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். அன்று இந்தப் பகுதி ஒன்றுபட்ட தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். போராட்டத்தின் பயனாக 1989இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் பிரிக்கப்பட்டு, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்ற பிரிவு உருவானது. அந்த 21 பேருக்கும் விழுப்புரத்தில் மணிமண்டபம் கட்டி 2025இல் திறந்தார்கள். வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2021இல் வந்து, அதே ஆண்டு உயர் நீதிமன்றத்திலும் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் செல்லாது என்று தீர்ப்பானதும் இந்த மாவட்டம் அறிந்த கதை.

இதற்கு முன்னும் நீண்ட வரலாறு உண்டு. இந்திய மாகாணங்களில் அரசுப் பணிக்கென்று முதலில் தேர்வாணையம் அமைத்தது சென்னை மாகாணம், ஆண்டு 1929. அதற்கும் முன்பே 1921இல் வகுப்புவாரி உரிமைக்கான அரசாணை பிறந்து, 1927இல் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறை வடிவம் பெற்றது. அரசியலமைப்பு வந்த மறுவருடமே, மாவட்ட முன்சீப் நியமனம் பற்றிய வெங்கடரமணா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தடுத்தது. பின்னர் வந்த திருத்தங்கள், ஆணையங்கள், 1994ஆம் ஆண்டின் 69 சதவீதச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் இன்றைய 200 புள்ளி இனச்சுழற்சி. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு சமூகத்தின் நெடுநாள் கோரிக்கை இருக்கிறது. முன்னாள் படைவீரரின் 5 சதவீதம் வந்து அமர்வதும் இந்தச் சுழற்சியின் மேல்தான். அதனால்தான் அதை அளந்து பேச வேண்டியிருக்கிறது.

படைவீரருக்காகப் பிறந்த அலுவலகம்

போரிலிருந்து திரும்பியவருக்கு வேலை தேடித் தருவது அரசின் கடமை என்ற எண்ணம் இந்தியாவில் இரண்டு உலகப் போர்களின் விளைவு. சென்னைப் படை ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதுகெலும்பு. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758 என்று சொல்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் 'போர்க்குடிகள்' என்ற கொள்கையை முன்வைத்துத் தென்னாட்டு வீரரைத் தாழ்த்தினார்கள். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் போனதும் அதே அரசு மீண்டும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது. வேண்டும்போது அழைப்பதும் வேண்டாதபோது கைவிடுவதும் அன்றைய வழக்கம்.

போர் முடிந்த 1945இல் திரும்பி வரும் பெருங்கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. அதன் கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கென்று பிறந்த அந்த அலுவலகங்கள் 1948இல் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டன. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் 'எம்ப்ளாய்மென்ட்'டில் பதிந்து வைக்க ஓடிய தலைமுறைகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. படைவீரருக்காகக் கட்டிய வாசல் வழியாகத்தான் தமிழ்நாட்டின் இலட்சக்கணக்கான குடும்பங்கள் அரசு வேலைக்குள் நுழைந்தன.

பதிவு மூப்பு அடிப்படையில் பட்டியல் அனுப்பும் அந்த முறை மெல்ல ஒதுங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பொது விளம்பரமும் செய்து எல்லோரையும் போட்டியிட விட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொல்லைப்புற நியமனங்களை நிரந்தரமாக்க உரிமை கோர முடியாது என்று 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்தது. அரசு வேலைக்குத் தேர்வு ஒன்றே வாசல் என்று ஆனபோது, படைவீரருக்கான பங்கும் அந்தத் தேர்வுக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று.

ஏன் இந்தக் கடன்?

அரசு ஊழியர் 58 அல்லது 60 வயது வரை பணியில் இருப்பார். சிப்பாயின் கணக்கு வேறு. படைக்கு இளமை வேண்டும் என்பதால் அரசே அவரை முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் வீட்டுக்கு அனுப்புகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு முப்படைகளிலிருந்தும் வெளியே வருகிறார்கள். 15 ஆண்டுகள் முடித்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அது கடைசி ஊதியத்தில் பாதி. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் மேல் வகுப்புக்குப் போகிறார்கள், பெற்றோருக்கு மருத்துவச் செலவு தொடங்குகிறது, வீட்டுக் கடன் பாக்கி நிற்கிறது. அந்த வயதில் வேலையை விட்டது அவர் விருப்பத்தால் அல்ல, படையின் தேவையால். ஆகவே ஒதுக்கீடு பரிசோ இரக்கமோ ஆகாது. இளமையை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிய அரசு, பாக்கியுள்ள உழைப்பு வயதுக்கும் இடம் தருவது அந்தப் பணி ஒப்பந்தத்தின் மறுபாதி.

மத்திய அரசு 1979ஆம் ஆண்டின் மறுநியமன விதிகளில் இதை எழுதி வைத்தது. சி தொகுதிப் பணியிடங்களில் 10 சதவீதம், டி தொகுதியில் 20 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் முறையே 14.5, 24.5 சதவீதம், ஊனமுற்ற படைவீரருக்கும் போரில் இறந்தவரின் வாரிசுகளுக்கும் உரிய 4.5 சதவீதம் இதில் அடங்கும். வயதைக் கணக்கிடும் முறையும் தெளிவானது. வல்லத்திலிருந்து 20 வயதில் சேர்ந்து 18 ஆண்டுகள் பணியாற்றி 38இல் திரும்பும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். 38லிருந்து பணியாண்டுகள் 18ஐக் கழித்தால் 20. அந்த எண், பதவிக்குரிய உச்ச வயதை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். தமிழ்நாடு சி தொகுதிப் பணிகளில் 5 சதவீதம் ஒதுக்குகிறது. தேர்வாணையக் கட்டணத்தில் இரு முறை விலக்கும் வயது வரம்பில் தளர்வும் உண்டு. இந்தச் சலுகையில் ஒரு முறை அரசுப் பணியில் அமர்ந்தவர் மறுபடி அதே சலுகையைக் கேட்க முடியாது. கடனுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது.

பட்டியல் எழுதும் மேசையில்

சண்டைகளில் பெரும்பாதி, ஒதுக்கீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது தெரியாததால் வருகிறது. சாதிவாரிப் பங்கு செங்குத்து ஒதுக்கீடு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கான பங்கு, அந்தச் செங்குத்துக் கட்டங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு. 1992இன் இந்திரா சாஹ்னி தீர்ப்பு இப்படித்தான் வகுத்தது.

மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 40 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் முன்னாள் படைவீரருக்கு 5 சதவீதம், அதாவது 2. முதலில் மதிப்பெண் வரிசையில் அப்பிரிவினர் 40 பேரை எழுத வேண்டும். அந்த 40க்குள் ஏற்கெனவே இரண்டு முன்னாள் படைவீரர்கள் இருந்தால் பங்கு நிறைந்தது. மேற்கொண்டு ஒருவரையும் சேர்க்கக் கூடாது. ஒருவர்தான் இருக்கிறார் என்றால், கிடைமட்டப் பங்கு எதிலும் அடங்காத கடைசி நபர் இறங்குவார். பட்டியலுக்குக் கீழே இருக்கும், அதே மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவைச் சேர்ந்த அடுத்த முன்னாள் படைவீரர் ஏறுவார். தகுதி பெற்ற முன்னாள் படைவீரர் ஒருவரும் இல்லாவிட்டால் அந்த இடம் அதே பிரிவின் மற்றவருக்குப் போகும். அடுத்த ஆண்டுக்கு அது தள்ளி வைக்கப்படுவதில்லை.

இந்த வரிசை முறையை ராஜேஷ் குமார் டாரியா வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பொதுப்பிரிவுக் கட்டம் எல்லாச் சமூகத்தாருக்கும் உரியது, கிடைமட்ட ஒதுக்கீட்டை நிரப்பும்போதும் அதை மறக்கக் கூடாது என்று 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கு சொன்னது. கணக்கைத் தலைகீழாகப் போட்டால், அதாவது முதலில் இரண்டு இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீதி 38ஐ நிரப்பினால், தன் மதிப்பெண்ணாலேயே தேறிய படைவீரர் 38க்குள் எண்ணப்படுவார். ஒதுக்கிய இரண்டும் கூடுதலாகச் சேரும். அப்போது இளைஞரின் இடம் குறைகிறது. கணக்கே போடாமல் 'தகுதியானவர் இல்லை' என்று எழுதிவிட்டால் படைவீரரின் இடம் போகிறது. எந்தத் தவறு எங்கே நடந்தது என்று அறிய ஒரே வழி, யார் எந்தக் கட்டத்தில் தேர்வானார் என்ற பட்டியலைப் பார்ப்பது.

பத்துக்கு ஒன்று

நிரம்பும் அளவு எவ்வளவு? மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் திரட்டிய விவரம், 2021 ஜூன் 30 நிலவரப்படி, வெளியானது. மத்திய அரசின் 77 துறைகளில் விவரம் தந்தவை 34. அவற்றின் சி தொகுதி ஊழியர் 10,84,705 பேரில் முன்னாள் படைவீரர் 13,976 பேர், அதாவது 1.29 சதவீதம். எழுதி வைத்தது 10. டி தொகுதியில் 20 சதவீதத்துக்கு எதிரே 2.66. இவை பணியில் இருப்போரின் கணக்கு. ஒதுக்கீடு ஆண்டுதோறும் வரும் காலியிடங்கள் மேல். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சரி. ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருக்கும் விதி, பத்துக்கு ஒன்றே கால் என்ற அளவில் நிற்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. விவரமே தராத 43 துறைகள் இன்னும் பெரிய கவலை.

அதே அறிக்கையில் பொதுத்துறை வங்கிகளின் எண் வேறு கதை சொல்கிறது. கிளர்க் நிலையில் 14.5க்கு 9.10 சதவீதம், கடைநிலையில் 24.5க்கு 21.34 சதவீதம். ஒரே நாடு, ஒரே படைவீரர், ஏறத்தாழ ஒரே கல்வி. வங்கியில் காவலர் பணிக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். கிளர்க் தேர்வுக்கு நாடு முழுதும் ஒரே கால அட்டவணை உண்டு. முன்னாள் படைவீரர் இடங்கள் விளம்பரத்திலேயே மாநிலவாரியாக அச்சாகின்றன. இடம் எத்தனை என்பது முன்கூட்டியே தெரிந்தால் விண்ணப்பிக்க ஆள் வருகிறார். 'ஆள் வருவதில்லை' என்ற துறைகளின் பதிலை இந்த எண்கள் ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம் அடித்தளமே சுருங்குகிறது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசின் டி தொகுதிப் பணியிடங்கள் சி தொகுதியாக உயர்த்தப்பட்டன. துப்புரவு, காவல், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் வேலைகள் பல துறைகளில் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போய்விட்டன. நிரந்தரப் பணியிடம் இல்லாத இடத்தில் எந்த ஒதுக்கீடும் இல்லை, சாதிவாரியும் இல்லை, படைவீரருக்கும் இல்லை. தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் முன்னாள் படைவீரருக்குக் காவலர் பணி தருகிறது. அது ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய உதவுகிறது, அதை மதிக்க வேண்டும். ஆனாலும் அது ஒப்பந்த வேலை. படையில் சிக்னல் பிரிவில் தொலைத்தொடர்பு பார்த்தவர், மருத்துவப் பிரிவில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர், பட்டறையில் டாங்கி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் மூவரும் ஊருக்கு வந்ததும் காவலராக மட்டுமே பார்க்கப்படுவது, அரசு தானே கற்றுக்கொடுத்த திறமையைத் தானே வீணடிப்பது.

விண்ணப்பத்துக்கும் விடைத்தாளுக்கும் இடையில்

திண்டிவனத்தில் ஒரு கணினி மையத்தில் தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவைத் திறந்து உட்காரும் அந்த 38 வயதுக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். கையில் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, பத்தாம் வகுப்புச் சான்று. விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்த அடையாள அட்டையும் உண்டு. அடுத்து வருவது தேர்வு. குரூப் ஃபோரில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் பகுதி தமிழ். 100 கேள்விகள், 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 60 வாங்காவிட்டால் மற்ற பகுதி கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மறு பேச்சில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வரும் முதியவரின் மனுவைப் படிக்கத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் அணிவகுப்புக் கட்டளையிலிருந்து விடுப்பு விண்ணப்பம் வரை இந்தியில் வாழ்ந்தவர் இவர். பத்தாவதில் படித்த இலக்கணமும் நூலாசிரியர் பெயர்களும் மறந்திருக்கும். அவருக்குத் தேவை மதிப்பெண் தளர்வு அல்ல. ஆறு மாதம் முறையான தமிழ்ப் பயிற்சி. பணியில் இருக்கும்போதே, ஓய்வுக்கு முந்தைய மாதங்களில், படை நடத்தும் மறுகுடியமர்வுப் பயிற்சிகளில் அந்தந்த மாநிலத் தேர்வுக்கான வகுப்பையும் சேர்க்கலாம். அடுத்த ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர் பணியில் இருந்தபடியே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. பயிற்சிக்கும் அந்த ஓராண்டே தக்க காலம்.

தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை இன்னொரு முடிச்சு. 2010இன் சட்டத்தை 2020இல் திருத்தி, பதவிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்றார்கள். போலிச் சான்றுகளைத் தடுக்க அது தேவைப்பட்டது. வல்லத்தில் பத்தாவது வரை தமிழில் படித்த படைவீரருக்குக் குரூப் ஃபோரில் இதனால் பாதிப்பில்லை. ஆனால் பணியில் இருந்தபடி தொலைநிலைக் கல்வியில் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியிருந்தால், பட்டப்படிப்பு நிலைத் தேர்வில் அந்த முன்னுரிமை போய்விடும். அவர் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். அப்பாவுக்கு மாற்றல் வந்த ஊர்களெல்லாம் கூடவே போய்க் கேந்திரிய வித்யாலயாவில் படித்த பெண்ணுக்குத் தமிழ் வழி என்ற கட்டமே இல்லை. சட்டத்தின் நோக்கத்தைக் குலைக்காமல் இவர்களுக்கு வழி காண முடியுமா என்று அரசு ஆராய வேண்டும்.

கல்வித் தகுதிக்கு ஈடு வைப்பதில் மத்திய விதி ஒரு படி முன்னே இருக்கிறது. மெட்ரிக் முடித்து, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படையில் பணியாற்றியவரை, பட்டம் கேட்கும் தொழில்நுட்பம் சாராத சி தொகுதிப் பணிகளுக்கு ஏற்கலாம் என்கிறது. தேர்வு அவரும் எழுதியாக வேண்டும். வாசல் திறக்கிறது, தராசு மாறவில்லை. நியாயமான சலுகைக்கு இதுவே அளவுகோல்.

இளைஞரின் கேள்விக்குப் பதில்

2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் ஃபோர் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர் 20 இலட்சத்துக்கும் மேல். இந்த நெரிசலில் நிற்கும் 22 வயதுப் பெண், '5 சதவீதம் என்றால் 312 இடம், அதில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்காதா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியைத் தேசபக்தி பேசி அடக்கக் கூடாது. படைக்குப் போகும் வாய்ப்பே அவளுக்குச் சமமாக இருந்ததில்லை. சிப்பாய் நிலையில் பெண்களைச் சேர்ப்பது ராணுவக் காவல் பிரிவில் 2019இல்தான் தொடங்கியது. ஆகவே முன்னாள் படைவீரர் பங்கு நடைமுறையில் ஏறத்தாழ முழுவதும் ஆண்களின் பங்கு.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1944ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே மத்திய அரசுத் தேர்வில் தேறிய படைவீரருக்கு 5 மதிப்பெண்ணும், ஊனமுற்றவருக்கு 10 மதிப்பெண்ணும் கூடும். மாசசூசெட்ஸ் மாநிலமோ தேர்ச்சி பெற்ற படைவீரர் அனைவரையும் மற்ற எல்லோருக்கும் மேலே வைத்தது. ஹெலன் ஃபீனி என்ற அரசு ஊழியர் ஒரு தேர்வில் இரண்டாவது அதிக மதிப்பெண் பெற்றும், ஐந்து ஆண் படைவீரர்களுக்குப் பின்னால் ஆறாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். 1979இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டப்படி அவர் தோற்றார்; ஆனால் எல்லையில்லா முன்னுரிமை எப்படி ஒரு பாலினத்தையே வெளியே நிறுத்தும் என்பதை அந்த வழக்கு காட்டியது. தமிழ்நாட்டு முறை அப்படியல்ல. பங்கு 5 சதவீதத்தில் நிற்கிறது, ஒரு முறைதான் கிடைக்கிறது, பெண்களுக்கான 30 சதவீதம் தனியே இருக்கிறது, சாதிக் கட்டத்தைத் தாண்டுவதும் இல்லை. மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவின் இடத்தில் வருபவர் அதே பிரிவின் படைவீரர்தான். வல்லத்திலிருந்து போய்த் திரும்பியவர்தான்.

அவளுடைய இடத்தை உண்மையில் திருடியவர்கள் வேறு. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் ஃபோர் தேர்வில், இராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய 39 பேர் முதல் நூறு இடங்களுக்குள் வந்தார்கள். சில மணி நேரத்தில் மறையும் மையில் விடையைக் குறித்துவிட்டுப் போக, விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பினார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது எது? எந்த மையத்திலிருந்து எத்தனை பேர் என்ற பட்டியல் வெளியே தெரிந்ததும், மற்ற தேர்வர்கள் அதைப் பார்த்துக் கேள்வி எழுப்பியதும்தான். முன்னாள் படைவீரர் பங்குக்கும் அதே வெளிச்சம் தேவை. போலிச் சான்றோடு நுழைபவரும், உரிய படைவீரரைத் தவிர்க்கும் அலுவலரும் அந்த வெளிச்சத்துக்கே அஞ்சுவார்கள்.

நான்கு ஆண்டுகளில் திரும்புகிறவர்

இதுவரை சொன்னது 15 ஆண்டுகள் பணியாற்றியவர் பற்றி. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டம் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. அக்னிவீரராகச் சேர்பவர் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவார்; 25 சதவீதம் வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள்; மற்றவர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியேறுவார்கள். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது.

மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீதமும் வயதுத் தளர்வும் 2022இலேயே அறிவிக்கப்பட்டன. ஹரியானா 2024 ஜூலையில் காவலர், வனக் காவலர், சிறைக் காவலர் பணிகளில் 10 சதவீதம் அறிவித்தது. பணியில் பெற்ற பயிற்சிக்குப் பாதி மதிப்பு தரும் பட்டப்படிப்பை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்திருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் முன்னாள் படைவீரர் என்ற சட்டப் பெயர் இல்லாத ஒருவருக்கு, அந்தப் பெயரை நம்பி எழுதிய மாநில விதிகள் எதுவும் தானாகப் பொருந்தாது. பனிமலையில் காவல் நின்ற 22 வயது இளைஞர் ஊருக்கு வந்து வெறும் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியோடு பொது வரிசையில் நிற்பார். ஓய்வூதியமே இல்லாத இவருக்கு ஓய்வூதியம் உள்ளவரைவிடத் தேவை அதிகம். சட்டம் தரும் கைத்தாங்கலோ குறைவு. இவரை எந்தப் பிரிவில் எண்ணுவது, எவ்வளவு இடம், வயதில் எத்தனை ஆண்டு கழிப்பது என்பதையெல்லாம் அவர் வந்து நின்ற பிறகு யோசிப்பது முறையல்ல.

செய்ய வேண்டியது

முதலில், தேர்வாணையமும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னாள் படைவீரர் இடங்கள் எத்தனை, விண்ணப்பித்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை, நிரம்பாமல் மற்றவருக்குப் போன இடம் எத்தனை என்று பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும். ஒரு பக்கத்தில் அடங்கும் இந்த விவரம் வந்தாலே பாதி சந்தேகம் தீரும்.

இரண்டாவதாக, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சான்று தரும் இடமாகவும் உதவித்தொகை வழங்கும் இடமாகவும் மட்டும் நின்றுவிடக் கூடாது. தமிழ்த் தாளுக்கும் பொது அறிவுக்கும் பயிற்சி தரும் வகுப்புகளை, தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு சேர்ந்து, விழுப்புரத்தில் மட்டுமல்லாமல் திண்டிவனம், செஞ்சியிலும் நடத்தலாம். படைவீரருக்காகப் பிறந்த அலுவலகம் அவரை மறுபடி கைதூக்கிவிட இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவதாக, படைப் பிரிவுகளின் தொழில்களை மாநிலப் பதவிகளோடு பொருத்தும் அட்டவணை வேண்டும். செவிலிய உதவியாளர், வயர்மேன், மெக்கானிக், ஓட்டுநர் எனப் பதவி பதவியாகச் சமநிலைச் சான்று தெளிவானால் இவர்கள் காவலர் பணிக்கு வெளியேயும் போட்டியிட முடியும். சொந்தத் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மானியமும் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் தொழில் முனைவோருக்கு நல்லது. ஆனால் கடன் வாங்கத் துணியாதவருக்கும் கைத்தொழில் உண்டு. அதற்கு அரசுப் பணியில் இடம் உண்டு.

நான்காவதாக, அக்னிவீரருக்கான மாநில விதி முதல் அணி திரும்பும் முன்பே எழுதப்பட வேண்டும். அதுவும் இப்போதுள்ள 5 சதவீதத்துக்குள் அவரைத் திணித்து மூத்த படைவீரரோடு மோதவிடாமல், பணியாண்டுக்கு ஏற்ற தனி அளவில் அமைய வேண்டும்.

இவற்றில் எதுவும் தேர்வு எழுதும் 22 வயதுக்காரரின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. தன் இடம் எங்கே போனது என்று அவரும் தெரிந்துகொள்ளவே இவை உதவும். பங்கு கேட்டு உயிர் கொடுத்தவர்களுக்கு மண்டபம் கட்டிய மாவட்டம் இது. பங்கு என்பது அறிவிப்போடு முடிவதில்லை, ஒவ்வொரு நியமனப் பட்டியலிலும் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று முதலில் கேட்கும் தகுதியும் இந்த மாவட்டத்துக்கே உண்டு. அந்தப் பட்டியலைக் கேட்பதில் படைவீரரும் தேர்வு எழுதும் இளைஞரும் ஒரே தரப்பில் நிற்க வேண்டும்.